தலையில் அடிபட்ட பிள்ளை: கால்பந்துத் திடலில் பெரியவர்கள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை காலைகளில் எட்டு முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகள் கால்பந்து ஆடும் திடலொன்றில் முதலுதவிப் பையுடன் நிற்பது பல ஆண்டுகளாக என் வேலை. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒரு தாய். பிள்ளைகளை அழைத்து வருபவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசும் தாத்தாக்களும் ஆயாக்களும். கையில் கொடுக்கப்படும் ஆங்கிலத் துண்டுத்தாளை மடித்து வைத்துவிட்டு, சந்தேகத்தை என்னிடம் தமிழில் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கன்கஷன், கன்கஷன் என்கிறார்களே, தலை வீங்குவதையா சொல்கிறார்கள்?

இல்லை. வீக்கம் தோலில் வருவது. கன்கஷன் மூளைக்கு நேர்வது. தமிழில் மூளையதிர்வு என்கிறோம். மண்டையோட்டுக்குள் மூளை ஒரு நீர்மத்தில் மிதந்தபடி இருக்கிறது. வேகமாகப் போகும் தலை சட்டென்று நின்றாலோ, வெடுக்கென்று திரும்பினாலோ, மூளை உள்ளே குலுங்கி முறுக்கிக்கொள்கிறது; அதன் நரம்பிழைகள் இழுபடுகின்றன. அப்போது நரம்பணுக்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சீர்செய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் வேண்டும். ஆனால் அதே நேரத்தில் அதற்கு வரும் இரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. அடிபட்ட பிள்ளை சோர்ந்து, குழம்பி, வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாமல் இருப்பதற்கு இந்தப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம்.

தலையில்தான் அடி விழ வேண்டும் என்பதும் இல்லை. தோளிலோ மார்பிலோ பலமாக மோதி, அந்த வேகத்தில் தலை முன்னும் பின்னும் வீசப்பட்டாலும் மூளையதிர்வு வரும்.

பையன் மயக்கம் போடவே இல்லையே, அப்புறம் எப்படி?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். மூளையதிர்வு ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கண் மங்குதல், நடையில் தள்ளாட்டம், கேட்டதையே மறுபடி கேட்பது, காரணமில்லாத அழுகை அல்லது கோபம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். இவை உடனே தெரியாமல், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோகூடத் தலைகாட்டலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் பதினொரு வயதுப் பையன் ஒருவன் இன்னொருவனோடு தலை மோதி விழுந்தான், உடனே எழுந்தும்விட்டான். விழித்த கண்ணையும் தெளிவான பேச்சையும் பார்த்து நானே அவனைத் திரும்ப ஆட அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து பூட்ஸ் கயிறு கட்டுவதற்காகக் கோட்டோரம் வந்து குனிந்தவன், ஒரு வளையம் போட்டான்; அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்; அவிழ்த்தான்; மறுபடி அதே வளையத்தைப் போட்டான். மூன்றாம் முறை நிமிர்ந்து என்னைப் பார்த்து, “ஆன்ட்டி, இது முதல் பாதியா?” என்றான். இரண்டாம் பாதியே முடியப்போகிற நேரம் அது. அந்தப் பிள்ளை நல்லபடியாகத் தேறினான். நான் செய்தது தவறு என்பது அதனால் மாறிவிடவில்லை.

திடலில் நின்றுகொண்டு நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. திடலில் நமக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்று: சந்தேகம் வந்தால் பிள்ளையை வெளியே எடுத்து, அன்றைக்கு மறுபடி உள்ளே விடாமல் இருப்பது. பயிற்சியாளருக்கும் பெற்றோருக்கும் என்றே, மூளையதிர்வை அடையாளம் காண உதவும் சிஆர்டி6 என்ற வழிகாட்டித் தாள் இருக்கிறது. விளையாட்டில் மூளையதிர்வு பற்றி 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர் மாநாட்டைத் தொடர்ந்து வந்த பதிப்பு அது. அச்சிட்டு முதலுதவிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

“எந்தத் திடலில் இருக்கிறோம், இது எந்தப் பாதி, கடைசி கோல் யார் போட்டது, போன வாரம் எந்த அணியோடு ஆடினோம்” என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் தவறானால் சந்தேகம் உறுதிப்படும். எல்லாம் சரியாகச் சொன்னால் மூளையதிர்வு இல்லை என்று பொருளாகாது. கடைசியாகச் சொன்ன இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அவனே “நான் நல்லாதான் இருக்கேன்” என்று சொல்லும்போது நாம் ஏன் தடுக்க வேண்டும்?

கணுக்கால் சுளுக்கினால் அந்த வலியை மூளை நமக்குச் சொல்கிறது. மூளைக்கே அடிபட்டால் அதைச் சொல்ல வேண்டியதும் அடிபட்ட அந்த மூளைதான். அதன் சாட்சியை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. போதாக்குறைக்கு, வெளியே உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் மறைக்கவும் செய்கிறார்கள்.

2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர், அர்ஜென்டினா வீரர் ஒருவரின் தோளில் முகம் மோதி விழுந்தார். எழுந்து ஏறக்குறைய கால் மணி நேரம் ஆடினார். நடுவே நடுவரிடம் சென்று, “இதுதான் இறுதிப் போட்டியா?” என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகே, 31-ஆம் நிமிடத்தில், அவர் வெளியே எடுக்கப்பட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, அணி மருத்துவர்கள் கோட்டோரம் நிற்க, ஒரு தேர்ந்த ஆட்டக்காரருக்கே அப்படி என்றால், பத்து வயதுப் பிள்ளை “நல்லாதான் இருக்கேன்” என்று சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் தண்ணீர் தெளித்ததும் எழுந்து ஆடுகிறார்களே?

அவர்களும் ஆடக்கூடாது என்பதால்தான் விதிகள் மாறிவருகின்றன. மூளையதிர்வு சந்தேகம் உள்ளவருக்குப் பதிலாகக் கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்குவது 2021-ல் சோதனையாகத் தொடங்கியது. 2024 முதல் போட்டி அமைப்பாளர்கள் விரும்பினால் பின்பற்றக்கூடிய நிலையான ஏற்பாடாக விதிநூலில் இடம்பெற்றுவிட்டது. மேலும், பிள்ளைகளின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. அவர்கள் தேறுவதற்குப் பெரியவர்களைவிட அதிக நாளாகும். பெரியவர் செய்வதை வைத்துப் பிள்ளைக்கு அளவெடுக்க வேண்டாம்.

எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்?

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது: நினைவிழப்பு, வலிப்பு, கழுத்து வலி, மீண்டும் மீண்டும் வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி, இரட்டையாகத் தெரிவது அல்லது பார்வை போவது, கைகால்களில் பலவீனமோ மரத்துப்போவதோ, அதிகரிக்கும் குழப்பம் அல்லது தூக்கக் கலக்கம், வழக்கத்துக்கு மாறான முரட்டுத்தனம், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல். அரசு ஆம்புலன்ஸுக்கு 10177; கைபேசியிலிருந்து 112 அழைத்தாலும் அவசர சேவைக்கு இணைப்பார்கள்.

கழுத்து வலி என்று சொன்னாலோ, நினைவில்லாமல் கிடந்தாலோ பிள்ளையைத் தூக்கி நிறுத்தாதீர்கள். அன்பினால் நான்கு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்குவதை நம் திடல்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூச்சு வருகிறதா என்று மட்டும் கவனித்து, தலையை அசையாமல் தாங்கிக்கொண்டு, பயிற்சி பெற்றவர் வரும்வரை காத்திருப்பதே சரி. மூச்சு விடவில்லையென்றால் மட்டும் கழுத்துக்காகத் தயங்காமல் உடனே உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

அடிபட்ட பிள்ளையைத் தூங்க விடக்கூடாதாமே?

ஆயாக்கள் எல்லோரும் சொல்வது இது. அதன் பின்னால் உள்ள பயம் நியாயமானது: மூளையில் இரத்தம் கசிந்தால் பிள்ளை மெல்ல மெல்ல மயக்கத்தில் ஆழ்ந்துவிடும், அதைத் தூக்கம் என்று நாம் நினைத்துவிடுவோம் என்ற பயம். அதனால்தான் முதல் சில மணி நேரம் பிள்ளையைத் தனியே விடாமல் கூடவே இருந்து பார்க்க வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன அபாயக் குறிகள் இல்லை, மருத்துவரும் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்றால், தாராளமாகத் தூங்கலாம். மூளை தேறுவதற்குத் தூக்கம் தேவை. இரவில் எழுப்பிப் பார்க்க வேண்டுமா என்பதை வீட்டுக்குக் கிளம்பும் முன் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எழுப்ப முயன்றும் எழாவிட்டால் அது தூக்கமில்லை, உடனே ஆம்புலன்ஸ்.

தலைவலிக்கு என்ன கொடுக்கலாம்? தைலம் தேய்க்கலாமா?

பாராசிட்டமால், அதாவது நம் வீடுகளில் இருக்கும் பனாடோ, பிள்ளையின் எடைக்கு உரிய அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. இரத்தக் கசிவு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் வேண்டாம். மாத்திரை போட்டதால் வலி தெரியாமல் இருப்பதைத் தேறிவிட்டதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. வீக்கத்தின்மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். தைலம் தேய்ப்பதால் மூளைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அடிபட்ட இடத்தை அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் போதும். திருநீறு பூசுவதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. பூசிய கையோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். அப்படியானால் ஆடலாம்தானே?

சிடி ஸ்கேன் தேடுவது எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும். அவை இல்லை என்பது மிகப் பெரிய ஆறுதல்தான். ஆனால் முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன மாற்றங்கள் நரம்பணுக்களின் செயல்பாட்டில் நடப்பவை; வழக்கமான ஸ்கேனில் தெரியாதவை. மூளையதிர்வு உள்ள பிள்ளைகளின் ஸ்கேன் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆகவே சரியான ஸ்கேன் என்பது ஆடுவதற்கான அனுமதி அல்ல. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸ்கேன் தேவையும் இல்லை. சிடி கதிர்வீச்சு என்பதால் தேவைப்படும்போது மட்டுமே எடுப்பார்கள். எடுக்கவில்லை என்பதற்காகச் சரியாகக் கவனிக்கவில்லை என்று வருந்த வேண்டாம்.

எத்தனை நாள் படுக்க வேண்டும்? இருட்டறையில் வைக்க வேண்டுமாமே?

அது பழைய அறிவுரை. முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு போதும்: வீட்டுக்குள் நடமாடலாம், பேசலாம், சாப்பிடலாம். அந்த இரண்டு நாளும் கைபேசியையும் டிவியையும் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு மெதுவான நடை போன்ற இலேசான அசைவு தேறுவதற்கு உதவுகிறது என்று தெரியவந்திருக்கிறது. வாரக்கணக்கில் அறைக்குள் அடைத்தால் பிள்ளை மனத்தளவிலும் சோர்ந்துபோகும். பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள்; அதற்குமேல் தொல்லை நீடித்தால் மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பலாமா?

பிள்ளை ஓரளவு தெளிந்திருந்தால் அரைநாளில் தொடங்கலாம். பள்ளி முழுவதும் தேறியவர்களுக்கான இடமாக நமக்குத் தோன்றும். உண்மையில் மூளையைக் களைப்படையச் செய்யும் வேலைகளில் படிப்பு முதன்மையானது. ஆகவே வகுப்பாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள்: அடிபட்ட நாள், மருத்துவர் சொன்னது, இடையிடையே ஓய்வு வேண்டும், இந்த வாரம் தேர்வு வேண்டாம், உடற்பயிற்சி வகுப்பு வேண்டாம் என்று. ஜூன் தேர்வு நெருங்கும் வேளையில் இதைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். கேளுங்கள். கால் ஒடிந்த பிள்ளைக்குக் கேட்கத் தயங்க மாட்டோம்.

எப்போதுதான் திரும்ப ஆடுவது?

வரிசை முக்கியம். முதலில் முழுநாள் பள்ளி. அதன் பிறகே முழு ஆட்டம். ஆட்டத்துக்குத் திரும்புவதும் படிப்படியாக: அன்றாட வேலைகள், பின் நடை அல்லது மிதிவண்டி, பின் தனியாக ஓட்டமும் பந்து உதைப்பும், பின் மோதல் இல்லாத குழுப் பயிற்சி, பின் மருத்துவர் ஒப்புதலோடு முழுப் பயிற்சி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் வேண்டும். தொல்லை மறுபடி தலையெடுத்தால் ஒரு படி இறங்க வேண்டும். மோதல் நேரக்கூடிய பயிற்சிக்குப் போகும் முன் தலைவலி முதலிய எல்லாத் தொல்லைகளும் முற்றிலும் நின்றிருக்க வேண்டும்.

அணி மருத்துவர் இல்லாத எங்களைப் போன்ற திடல்களுக்கு நாள்கணக்கு ஒன்று இருப்பது நல்லது. பிரிட்டனில் 2023-ல் வெளியான அடித்தட்டு விளையாட்டுக்கான வழிகாட்டி, போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும் என்கிறது. நாங்கள் அதைப் பின்பற்றுகிறோம். மூன்று சனிக்கிழமை என்று சொன்னால் பிள்ளைக்கும் புரிகிறது, பேரம் பேசவும் இடமில்லை.

ஒரு வாரம் முன்னால் ஆடினால் அப்படி என்ன ஆகிவிடும்?

ஆற்றல் பற்றாக்குறையில் இருக்கும் மூளையின்மேல் இன்னொரு அடி விழுகிறது. குறைந்தபட்சம், தேறுவதற்கான காலம் பல மடங்கு நீளும். மிக அரிதாக, மூளை வேகமாக வீங்கி உயிரே போய்விடுகிறது. இதை இரண்டாம் தாக்க நிலை என்கிறார்கள். அப்படி நேர்ந்ததாகப் பதிவானவர்களில் பெரும்பாலோர் பதின்வயதினரும் இளைஞர்களும். 2011-ல் வட அயர்லாந்தில் ஒரு பள்ளி ரக்பி ஆட்டத்தில், ஒரே போட்டிக்குள் பலமுறை அடிபட்டும் தொடர்ந்து ஆடிய 14 வயது மாணவன் இறந்தான். பிரிட்டனில் விதிகள் இறுகியதற்கு அந்தக் குடும்பத்தின் விடாத உழைப்பும் ஒரு காரணம்.

பந்தைத் தலையால் முட்டுவதையே நிறுத்திவிட்டால் என்ன?

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மூளையதிர்வு என்று பார்த்தால், அது பந்தை முட்டுவதால் வருவதைவிட, பந்துக்காக எம்பும்போது தலையும் தலையும், தலையும் முழங்கையும் மோதுவதால்தான் அதிகம் வருகிறது. வேண்டுமென்றே முழங்கையால் தலையில் தாக்குபவருக்குச் சிவப்பு அட்டை காட்டும்படி 2006-ல் நடுவர்களுக்குக் கண்டிப்பாக அறிவுறுத்தப்பட்டது அதனால்தான். கம்பத்தில் மோதுவதும், கீழே பொருத்தப்படாத கோல் கம்பம் பிள்ளையின்மேல் சாய்வதும்கூட நேர்கின்றன. ஆட்டத்துக்கு முன் கம்பத்தை ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் நான் பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை.

இரண்டாவது, ஆண்டுக்கணக்கில் முட்டிக்கொண்டே இருப்பதால் வரும் கேடு. இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்ல் 2002-ல் 59 வயதில் இறந்தபோது, பந்தை முட்டிய தொழிலே மரணத்துக்குக் காரணம் என்று விசாரணையில் பதிவானது. 2019-ல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து தொழில்முறை வீரர்களை ஆராய்ந்து, மறதி நோய் முதலிய நரம்புச் சிதைவு நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே குழுவின் பிந்தைய ஆய்வில், பின்கள ஆட்டக்காரர்களுக்கே ஆபத்து மிகுதி என்றும், பந்தை அதிகம் முட்டாத கோல்கீப்பர்களுக்கு அது பொதுமக்களின் அளவை ஒட்டியே இருந்தது என்றும் தெரிந்தது. இவர்கள் பல ஆண்டு தொழிலாக ஆடியவர்கள். சனிக்கிழமை மட்டும் ஆடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

ஆனாலும் காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-ல் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் முட்டுவதைத் தடை செய்தது. இங்கிலாந்தில் 2020 முதல் சிறு பிள்ளைகளின் பயிற்சியில் முட்டுதல் இல்லை. போட்டிகளிலிருந்தும் படிப்படியாக நீக்கி வருகிறார்கள். எங்கள் திடலில் பன்னிரண்டு வயதுவரை முட்டுவதைக் கற்றுக்கொடுப்பதில்லை. கற்றுக்கொடுக்கும்போதும் வயதுக்கேற்ற சிறிய பந்து, குறைந்த காற்று, வாரத்துக்குச் சில முறைதான். பெரியவர்களின் ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம்; அதை எட்டு வயதுப் பிள்ளையின் கழுத்து தாங்க வேண்டிய அவசியம் என்ன?

ஹெட்கார்டு வாங்கிக் கொடுத்தால் பயமில்லையே?

கோல்கீப்பர் பெட்ர் செக் அணிந்தாரே என்கிறார்கள். 2006-ல் அவருக்கு நேர்ந்தது மண்டையோட்டு முறிவு; அந்த இடத்தைக் காக்கவே கவசம் அணிந்தார். ஹெட்கார்டு என்று தலையில் அணியும் மென்பட்டை வெட்டுக்காயத்தைக் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கவசம் இருக்கிறது என்ற துணிச்சலில் பிள்ளை இன்னும் வேகமாக மோதினால் நிலைமை மோசமாகும்.

பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகமா?

கால்பந்தில் பெண்களிடம் மூளையதிர்வு அதிக விகிதத்தில் பதிவாகிறது. கழுத்துத் தசையின் வலிமை ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பெண் பிள்ளைகள் மறைக்காமல் சொல்லிவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். இதைக் காட்டி ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் சொல்லும்போது நம்புவதும் போதும்.

வாரநாளில் பள்ளியில் ரக்பி, சனிக்கிழமை இங்கே கால்பந்து. யாரிடம் சொல்வது?

இருவரிடமும். ரக்பியில் இந்த நாட்டில் 2009 முதல் போக்ஸ்மார்ட் என்ற பாதுகாப்புத் திட்டம் நடக்கிறது. பயிற்சியாளர்களும் நடுவர்களும் அந்தப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். ஆனால் புதன்கிழமை ரக்பியில் அடிபட்டது சனிக்கிழமை எனக்குத் தெரிய வழியில்லை. பிள்ளை சொல்ல மாட்டான். 21 நாள் கணக்கு ஆட்டத்துக்கு அல்ல, தலைக்கு. பெற்றோர் அனுப்பும் ஒரு வரி வாட்ஸ்அப் செய்தி போதும்.

இன்னும் ஒரு வாரத்தில் சித்திரைக் காவடி. பையன் விரதம் இருக்கிறான், தூக்கலாமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட அம்மாவின் கண் கலங்கியிருந்தது. வேண்டுதல் அந்தப் பிள்ளையின் உடல்நலத்துக்காகவே வைக்கப்பட்டது. அவனுக்கு இன்னும் தலைவலி இருந்தது. வெயிலில் மணிக்கணக்காக நிற்பது, வெறும் வயிறு, தண்ணீர் குறைவு, காதருகே மேளம், தோளிலும் கழுத்திலும் பாரம் என்று, தேறாத மூளைக்கு ஒவ்வாதவை அத்தனையும் அன்று ஒன்றுசேரும். தள்ளிவைக்கச் சொன்னேன். அவர்கள் கோயில் குருக்களைக் கேட்டார்கள். தந்தை அந்த ஆண்டு எடுக்கட்டும், மகன் தைப்பூசத்துக்கு எடுக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். தொல்லை முழுவதும் நின்று, மருத்துவரும் சரி என்றால் தடையில்லை.

அணியில் மாற்று ஆள் இல்லை. இவனை எடுத்தால் தோற்றுவிடுவோமே?

ஏழு பேர் இருக்கும்வரை ஆட்டம் தொடரலாம் என்பது விதி. பத்துப் பேரோடு ஆடித் தோற்ற ஆட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; அடுத்த வாரம் யாரும் அவற்றை நினைவில் வைத்திருப்பதில்லை. கோல்கீப்பர் அடிபட்டால், வெளியே போகாமலே சிகிச்சை பெற விதி இடம் தருகிறது. நடுவர் அவசரப்படுத்தினாலும் நிதானமாகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கோல்கீப்பருக்கும் மற்றவர்களுக்குச் சொன்னதேதான்.

இது மூன்றாவது முறை. இனிமேல் ஆடவே கூடாதா?

இத்தனை முறைக்குமேல் கூடாது என்று யாரும் எண் வகுக்கவில்லை. மருத்துவர்கள் பார்ப்பது வேறு: முன்பைவிடச் சிறிய அடிக்கே மூளையதிர்வு வருகிறதா, ஒவ்வொரு முறையும் தேறுவதற்கு அதிக நாளாகிறதா, இடைவெளி குறைகிறதா, படிப்பும் குணமும் மாறிவிட்டனவா. இவற்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் நரம்பியல் அல்லது விளையாட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சில வேளை மோதல் குறைந்த வேறு விளையாட்டுக்கு மாறச் சொல்வார்கள்.

மருத்துவர் சரியாகச் சொல்ல வேண்டுமானால் உங்களிடம் விவரம் இருக்க வேண்டும். பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்: அடிபட்ட தேதி, எப்படி அடிபட்டது, தலைவலி எந்த நாளில் நின்றது, எந்த நாளில் முழுநாள் பள்ளிக்குப் போனான், எந்த நாளில் திரும்ப ஆடினான். எழுதி வைக்காவிட்டால், இரண்டாவது முறை எப்போது நடந்தது என்பதிலேயே தாய்க்கும் தந்தைக்கும் மருத்துவர் முன்னால் கருத்து வேறுபாடு வந்துவிடுகிறது.